புரவலர் விலகுவது ஆட்டத்தால் அன்று

விளையாட்டுக்குப் பணம் தரும் நிறுவனங்கள் அந்த ஆதரவைத் தொடர்வதா கைவிடுவதா என்பதை எப்படி முடிவு செய்கின்றன என்ற கேள்விக்கு, வணிகப் பத்திரிகைகளும் மேலாண்மைப் பாடநூல்களும் விளையாட்டுச் சங்க நிர்வாகிகளும் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் தருகின்றனர். எத்தனை பேர் ஆட்டத்தைப் பார்த்தனர், சட்டையில் இருந்த பெயர் தொலைக்காட்சியில் எத்தனை நொடி தெரிந்தது, அந்த நொடிகளை விளம்பர நேரமாக விலைக்கு வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பெருக்கிக் கூட்டி, கிடைத்த தொகை கொடுத்த தொகையை விஞ்சினால் நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது, விஞ்சாவிட்டால் விலகுகிறது என்பதே அந்த விடை. நொடிகளை இவ்வாறு ரூபாயாக மாற்றும் கணக்குக்கு ஊடக மதிப்பீடு என்று துறைக்குள் பெயர் வழங்குகிறது. கேட்பதற்கு ஒழுங்காகவும் அறிவுக்கு உகந்ததாகவும் தோன்றும் இந்த விடையின் நிழலில் இன்னொரு முடிவும் சேர்ந்தே வளர்கிறது: ஆதரவை இழந்த விளையாட்டு ஈர்ப்பை இழந்த விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே ஆதரவு வேண்டுமென்றால் அது தன்னைச் சுருக்கிக்கொண்டு, விளக்கும் ஒலியும் கூட்டிக்கொண்டு, சந்தைக்கு ஏற்ற சரக்காக மாற வேண்டும் என்பது அது.

இந்த எண்ணம் பெருநகரத்து விளம்பர நிறுவனங்களோடு நின்றுவிடவில்லை. அகல்விளக்கும் கொலு பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் சுட்டெடுக்கும் பீங்கான் சூளைகளால் பெயர்பெற்ற விருத்தாசலம் போன்ற ஊர்களிலும், பொங்கலையொட்டி நடக்கும் கபடிப் போட்டிக்கோ கோடை விடுமுறைக் கிரிக்கெட்டுக்கோ சென்ற ஆண்டு பரிசுத்தொகை கொடுத்தவர் இந்த ஆண்டு கொடுக்கவில்லையென்றால், ஆட்டத்துக்கு முன்போல மவுசு இல்லை என்ற விளக்கம்தான் எளிதில் வாய்க்கு வருகிறது. அந்த விளக்கம் தவறானது. இந்தியாவில் விளையாட்டு ஆதரவு தொடர்ந்ததும் முறிந்ததுமான வரலாற்றை ஆண்டுவாரியாக எடுத்துப் பார்த்தால், முடிவு பெரும்பாலும் ஆடுகளத்துக்கு வெளியே, நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கடன் பேரேட்டிலும் எடுக்கப்பட்டிருப்பது தெரியவரும். அவ்வாறிருக்க, ஆதரவை இழந்த ஆட்டக்காரர் மீதே பழியையும் சுமத்துவது உண்மைக்கும் நியாயத்துக்கும் ஒருங்கே புறம்பானது.

முதற்சான்றாக இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையை எடுத்துக்கொள்ளலாம். நாட்டில் வேறெந்த விளையாட்டு உடையையும்விட அதிகமான கண்கள் படும் இடம் அது என்பதால், பார்வைக் கணக்கே முடிவைத் தீர்மானிக்கிறது என்ற கொள்கை எங்கேனும் பலிக்குமென்றால் இங்கே பலித்தாக வேண்டும். 1990களில் அந்தச் சட்டையில் ஐடிசி நிறுவனத்தின் வில்ஸ் என்ற சிகரெட்டுப் பெயர் இருந்தது. புகையிலை விளம்பரத்தையும் புகையிலை நிறுவனங்களின் விளையாட்டு ஆதரவையும் தடைசெய்யும் மசோதாவுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததையடுத்து, 2001 பிப்ரவரியில் ஐடிசி விளையாட்டு ஆதரவிலிருந்து விலகுவதாக அறிவித்தது. அதற்கடுத்த மாதம்தான் கொல்கத்தா ஈடன் தோட்டத்தில், தொடர்ந்து 16 டெஸ்டுகளில் வென்று வந்திருந்த ஆஸ்திரேலியாவை, ஃபாலோ ஆன் பெற்ற இந்திய அணி லட்சுமணின் 281 ரன்களையும் திராவிடின் 180 ரன்களையும் கொண்டு திருப்பியடித்து வென்றது. ஆட்டத்தின் ஈர்ப்பு ஏறுமுகமாக இருந்த பருவத்தில் புரவலர் போனார். அவரைப் போகச் சொன்னது வரவிருந்த சட்டம். அச்சட்டம் 2003இல் நிறைவேறியது.

பின்வந்த சஹாரா 2013 இறுதிவரை இருந்தது. 2007இன் இருபது ஓவர் உலகக் கோப்பையும், 2011இன் உலகக் கோப்பையும், 2013இன் சாம்பியன்ஸ் கோப்பையும் அந்தப் பெயரைத் தாங்கிய அணியின் காலத்தில்தான் கிடைத்தன. இவ்வளவு வெற்றிகளும் சேர்ந்து அந்த உறவைக் காப்பாற்றவில்லை. அது முடிவுக்கு வந்த காலத்தில் சஹாரா குழுமம், முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணத்தை வட்டியுடன் திருப்பித் தருமாறு உச்சநீதிமன்றம் 2012இல் இட்ட ஆணையின் பிடியில் இருந்தது. 2014இல் வந்த ஸ்டார் இந்தியா 2017இல் மீண்டும் ஏலம் கேட்கவில்லை. ஆனால் அதே ஆண்டில் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையை ஐந்து ஆண்டுகளுக்கு 16,347.5 கோடி ரூபாய்க்கு வாங்கியதால், கிரிக்கெட்டின் ஈர்ப்பில் அதற்கு ஐயம் இருந்ததாகச் சொல்ல இடமில்லை. அடுத்து ஐந்து ஆண்டுகளுக்கு 1,079 கோடி என்று ஒப்புக்கொண்ட ஓப்போ, 2019இல் தன் இடத்தைப் பைஜூஸ் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டு ஒதுங்கியது. பைஜூஸோ சொந்த நிதி நெருக்கடியில் மூழ்கி 2023இல் விலகியது. 158 கோடி ரூபாய் பாக்கிக்காகக் கிரிக்கெட் வாரியம் தொடுத்த மனுவை ஏற்று, 2024 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தை நொடிப்புத் தீர்வு நடவடிக்கைக்கு உட்படுத்தியது. அதன் இடத்துக்கு 358 கோடிக்கு வந்த இணைய விளையாட்டு நிறுவனமான டிரீம்11, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவுடன் விலகியது. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் இந்திய அணி மார்பில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் ஆடிக் கோப்பையை வென்றது. அந்தப் போட்டி நடந்துகொண்டிருந்தபோதே அப்போலோ டயர்ஸ் நிறுவனம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு 579 கோடி ரூபாய் தர முன்வந்தது, அதாவது முந்தியவர் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே.

கால் நூற்றாண்டில் ஆறு நிறுவனங்கள் அந்தச் சட்டையை விட்டுப் போயிருக்கின்றன. அவற்றில் இரண்டைச் சட்டம் அகற்றியது. ஒன்று நீதிமன்றப் பிடியில் இருந்தபோது ஒப்பந்தத்தை இழந்தது. ஒன்றுக்குக் கையில் பணம் தீர்ந்தது. ஒன்று அதே விளையாட்டில் வேறு வழியாகப் பணம் போட்டது. கொடுத்த விலைக்குத் தக்க பயன் இல்லை என்ற கணக்கால் விலகியதாகக் கொள்ளத்தக்கது ஓப்போ ஒன்றே. ஆறில் ஒன்றுக்குப் பொருந்தும் விளக்கத்தைப் பொதுவிதியாகப் பாடநூலில் எழுதிவைப்பது ஆய்வு நெறிக்கு அடுக்காது. ஐபிஎல் போட்டியின் தலைப்பு ஆதரவுக்கு, அதாவது போட்டியின் பெயருக்கு முன்னால் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் உரிமைக்கு, 2018 முதல் ஐந்தாண்டுகளுக்கு 2,199 கோடி ஒப்புக்கொண்டிருந்த விவோ 2020இல் ஒதுங்கியதும் இதே வகைதான். அவ்வாண்டு ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலுக்குப் பின் சீன நிறுவனத்தின் பெயரோடு போட்டி நடத்துவது இயலாததாயிற்று. அந்த முடிவில் பந்துக்கும் மட்டைக்கும் பங்கில்லை.

கிரிக்கெட்டின் செழிப்பை மட்டும் வைத்து வாதிடுவது போதாது என்று ஒருவர் சொல்லக்கூடும். ஒருவர் போனால் இன்னொருவர் வரும் விளையாட்டு அது. விலகலின் முழுச் சுமையையும் ஒரு நகரமே தாங்க நேர்ந்த நிகழ்வுக்குச் சென்னை ஓப்பன் டென்னிஸ் போட்டியைத்தான் பார்க்க வேண்டும். 1996இல் புதுதில்லியில் தொடங்கிய இந்த ஆடவர் போட்டி 1997இல் சென்னைக்கு வந்து, நுங்கம்பாக்கம் அரங்கில் 2017 வரை 21 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்தது; பெரும்பாலான ஆண்டுகளில் தெற்காசியாவில் நடந்த ஒரே ஏடிபி போட்டி, அதாவது உலகத் தரவரிசைப் புள்ளிகள் தரும் ஆடவர் சுற்றுப் போட்டி, அதுதான். முதலில் அது கோல்டு ஃபிளேக் ஓப்பன் என்று சிகரெட்டின் பெயரால் வழங்கிற்று. ஐடிசி விலகியதும் 2002இல் டாடா ஓப்பன் ஆனது. 2005 முதல் ஊரின் பெயரையே தாங்கியது. 2010இல் ஏர்செல் சென்னை ஓப்பன் ஆனது. பாட்ரிக் ராஃப்டர் 1998இலும் கார்லோஸ் மோயா 2004, 2005 ஆண்டுகளிலும் அங்கே பட்டம் வென்றனர்; 2008 இறுதியாட்டத்தில் ரஃபேல் நடால் மிகைல் யூஷ்னியிடம் தோற்றதைக் கண்டவர்கள் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டான் வாவ்ரிங்கா 2011இலும், பின்னர் 2014 முதல் 2016 வரை தொடர்ந்து மூன்று முறையும் கோப்பையை எடுத்துச் சென்றார். அவற்றில் இரண்டு வெற்றிகள், அவர் கிராண்ட் ஸ்லாம் வென்றவராகத் திரும்பி வந்து பெற்றவை.

ஏர்செல் பெயரில் நடந்த கடைசிப் போட்டி 2017 ஜனவரியில் முடிந்தது; அவ்வாண்டு ஜூலையில் போட்டியின் உரிமையைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைப் புனேக்கு மாற்றுவதாக அறிவித்தனர். பரவலான கருத்தை நம்புகிறவர், சென்னைக்கு டென்னிஸ் சலித்துவிட்டது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியிருக்கும். கைபேசிச் சேவை நிறுவனமான ஏர்செல்லின் கதையோ வேறு. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியதும் கட்டணப் போர் மூண்டது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் திட்டம் 2017 அக்டோபரில் கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் அலைவரிசை அற்றுப்போய், எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள மக்கள் கடைவாசல்களில் வரிசையில் நின்றனர். அம்மாத இறுதியில் நிறுவனம் நொடிப்பு மனுவைத் தாக்கல் செய்தது. தன் சந்தாதாரர்களுக்கே சிக்னல் தர முடியாத நிலைக்குச் சரிந்துகொண்டிருந்த நிறுவனம் டென்னிஸைத் தொடர்ந்து தாங்கும் என்று எதிர்பார்க்க வழியில்லை. அரங்கில் இருக்கைகள் நிரம்பின, நிரம்பவில்லை என்பதற்கு இதில் இடமே இல்லை. புனேயிலும் கதை நெடுநாள் நீடிக்கவில்லை. டாடா ஓப்பன் மகாராஷ்டிரா என்ற பெயரில் 2018 முதல் 2023 வரை நடந்தபின், பருவத்தின் தொடக்கத்தில் இருந்த அந்த இடம் ஹாங்காங்குக்குப் போய்ச் சேர்ந்தது. 27 ஆண்டுகள் இந்தியாவில் இருந்த போட்டி இன்று இந்தியாவில் இல்லை. தகுதிச் சுற்றிலோ சிறப்பு நுழைவிலோ உள்ளூரிலேயே உலகத் தரத்து ஆட்டக்காரரோடு மோதும் வாய்ப்பு தமிழக இளைஞர்களுக்கு அதனோடு போயிற்று. அந்த இழப்பைப் பற்றி எழுதும்போது கட்டுப்பாடான நடையைப் பேணுவது கடினம்.

இவையெல்லாம் விபத்துகள், விபத்துகளை விட்டுவிட்டுப் பார்த்தால் கணக்கே ஆளுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி. விபத்து என்பது அரிதாக நிகழ்வது. பெரும்பான்மையான முறிவுகளை விபத்து என்று ஒதுக்கிவிட்டால் விதிக்குச் சான்றாக மிஞ்சுவது மிகச் சிறிது. வெளிநாட்டு அனுபவமும் வேறாக இல்லை. ஒலிம்பிக், உலகக் கோப்பைக் கால்பந்து போன்ற பெருநிகழ்வுகளின் நெடுங்கால ஆதரவு ஒப்பந்தங்கள் ஏன் முறிகின்றன என்று ஆராய்ந்த ஜொனாதன் ஜென்சன், பெட்டினா கார்ன்வெல் ஆகியோர், ஆதரவு தரும் நிறுவனத்தின் தாய்நாட்டுப் பொருளாதார நிலைமையை முறிவின் காரணிகளுள் ஒன்றாகக் கண்டனர். நிகழ்வு எவ்வளவு நன்றாக நடந்தது என்பது அந்த நிலைமையை மாற்றப்போவதில்லை. 2008 டிசம்பரில் உலக நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி ஹோண்டா நிறுவனம் ஃபார்முலா ஒன் பந்தயத்தைவிட்டு விலகியது. அது கைவிட்ட அணியை அதன் தலைவர் ராஸ் பிரான் தம் பெயரில் ஏற்று, ஹோண்டாவின் பணத்தில் வளர்ந்திருந்த வண்டியைக் கொண்டே மறு ஆண்டின் இரு உலகப் பட்டங்களையும் வென்றார். களத்தில் விளைந்திருந்த பயிரை அறுவடைக்குச் சில மாதம் முன்பாக விட்டுப்போகச் செய்தது விற்பனைச் சரிவு.

ஊடக மதிப்பீடு என்னும் கணக்கையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதன் மேல்தான் எதிர்த்தரப்பின் நம்பிக்கை முழுவதும் நிற்கிறது. ஓடுகிறவரின் சட்டையில் மங்கலாகத் தெரிந்த பெயரும், அரை நிமிடம் கதை சொல்லி விற்கும் விளம்பரமும் பார்ப்பவர் மனத்தில் ஒரே அளவு பதிகின்றன என்ற அனுமானம் அதன் அடித்தளத்தில் இருக்கிறது. அதை மெய்ப்பிப்பது எளிதன்று. பெயரைப் பார்த்தவர் அந்தப் பொருளை வாங்கினாரா, வாங்கியிருந்தால் பார்த்ததனால்தான் வாங்கினாரா என்ற கேள்விகளுக்கு நொடிக்கணக்கில் விடை இல்லை. மேலும், அந்த மதிப்பீட்டைக் கேட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் போட்டியை விற்கும் அமைப்பாளர்களோ, செலவை மேலிடத்தில் நியாயப்படுத்த வேண்டிய விளம்பரப் பிரிவினரோ ஆவர். தொடர்வதென்று முடிவான இடத்தில் அது தொடர்வதற்குச் சான்றாகிறது. விலகுவதென்று முடிவான இடத்தில் அதே தாள் விலகுவதற்கும் சான்றாகிறது.

கணக்கு முற்றிலும் பயனற்றது என்று சொல்வதற்கில்லை. ஓப்போ போன்ற நிகழ்வுகளில் அது உண்மையிலேயே செயல்பட்டிருக்கலாம். ஏலத்தில் என்ன விலை கேட்பது என்பதை அது நிர்ணயிக்கிறது. 358 கோடி 579 கோடியானதற்கு அத்தகைய கணக்குகளே அடிப்படை. ஆனால் விலையை நிர்ணயிப்பது வேறு, உறவை நீட்டிப்பதோ முறிப்பதோ வேறு. பரவலான கருத்து இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறது. ஆட்டத்தின் பக்கமே குற்றம் இருந்து புரவலர் போன நிகழ்வும் உண்டு. 2013இல் ஐந்தாண்டுகளுக்கு ஐபிஎல் தலைப்பு ஆதரவை எடுத்த பெப்சி, சூதாட்ட ஊழலும் அதன் விசாரணைகளும் போட்டியைச் சூழ்ந்திருந்த நிலையில் 2015இலேயே வெளியேறியது. அங்கும் முறிவுக்குப் பார்வையாளர் குறைந்தது காரணமாகச் சொல்லப்படவில்லை. கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டே இருந்தனர். கெட்டது பெயர். நேர்மையான நிர்வாகம்தான் அதற்கு மருந்து. ஆட்டத்தை இன்னும் கவர்ச்சியாக்குவதால் அந்த நோய் தீராது.

முறிந்தவற்றைவிட முறியாதவை சொல்லும் செய்தி வலுவானது. சென்னையில் எம்ஆர்எஃப் நிறுவனம் 1987இல் தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சிக் கழகம், டென்னிஸ் லில்லியின் வழிகாட்டுதலில் கால் நூற்றாண்டும், 2012 முதல் கிளென் மெக்ராத்தின் பொறுப்பிலும் நடந்து வருகிறது. ஜவகல் ஸ்ரீநாத்தும் ஜாகீர் கானும் இலங்கையின் சமிந்த வாஸும் அங்கே பயின்றவர்கள். பயிற்சி வலையில் பந்து வீசும் இளைஞரை எந்தத் தொலைக்காட்சியும் நேரலையில் காட்டுவதில்லை. நொடிக்கணக்கு பார்த்தால் அந்தச் செலவை முதல் ஆண்டிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அதே சென்னையில் ஜாலி ரோவர்ஸ் என்ற கிரிக்கெட் அணியைச் சன்மார் குழுமம் 1960களிலிருந்து தாங்கி வருகிறது. லீக் ஆட்டங்களின் பார்வையாளர் வரிசையைக் கண்டவர் எவரும் அதை விளம்பரத்துக்கான செலவு என்று சொல்லத் துணியமாட்டார். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வேயின் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை போன்றவை கூடைப்பந்து, கைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி வைத்திருந்த முறையும் புரவலர் முறைதான், பெயர்தான் வேறு. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அந்த ஆதரவுக்கு ஆண்டுதோறும் புதுப்பித்தல் என்ற பேச்சே எழவில்லை. தமிழகத்தின் கைப்பந்தும் கூடைப்பந்தும் பல்லாண்டுகள் நிமிர்ந்து நின்றதற்கு அந்த வேலைகளின் பங்கு எவ்வளவு என்பதைப் பழைய ஆட்டக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஒடிசா மாநில அரசு 2018இல் இந்திய ஹாக்கி அணிகளுக்குப் புரவலரானபோது, சந்தையின் கண்ணில் ஹாக்கிக்கு மதிப்பு அதிகமில்லை. அதற்கு முந்திய புரவலரும் சஹாராதான். சுந்தர்கட் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமங்களில் ஹாக்கி வாழ்க்கையோடு கலந்திருப்பதால் அதை மாநிலத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது அந்த அரசு. 2021இல் டோக்கியோவில் ஆடவர் அணி 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் வென்றது; மகளிர் அணி நான்காம் இடம் பெற்றது. ஆதரவை 2033 வரை நீட்டிப்பதாக அறிவிப்பு வந்தபின், 2024 ஜூனில் ஆட்சியே மாறியது, ஆதரவு தொடர்ந்தது. ஈர்ப்பு இருந்ததால் ஆதரவு வரவில்லை. ஆதரவு நீடித்ததால் ஈர்ப்பு திரும்பியது. பாடநூல் வரைந்து வைத்திருக்கும் அம்பு எதிர்த்திசையில் பாய்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கிடைப்பது அரிது. நீடித்த இவ்வனைத்திலும் பொதுவாக இருப்பவை இரண்டு: ஆண்டுதோறும் மறுபரிசீலனைக்கு வராத வகையில் செலவு ஓர் அமைப்பாக இறுகியிருந்தது, கொடுப்பவர் எதிர்பார்த்தது நொடிகளில் அளக்கத்தக்கதாக இல்லை.

விருத்தாசலத்துக்கு வருவோம், ஏனெனில் தவறான கருத்தின் விலையை அதிகமாகக் கொடுப்பவை இத்தகைய ஊர்களே. இங்கே ஆதரவு என்பது நோட்டீஸில் முதல் பரிசு வழங்குபவர், இரண்டாம் பரிசு வழங்குபவர், சீருடை உபயம், மதிய உணவு உபயம் என்று வரிசையாக அச்சாகும் பெயர்கள். தொழிற்பேட்டையில் சூளை வைத்திருக்கும் ஒருவர் பொங்கலுக்குப் பரிசு கொடுப்பாரா என்பது, நவராத்திரிக்குப் பொம்மையும் கார்த்திகைக்கு அகலும் அனுப்பிய கடைகளிலிருந்து பாக்கி வசூலானதா, சூளைக்கான எரிபொருள் என்ன விலை விற்றது, களிமண்ணும் அச்சு செய்யும் பாரிஸ் சாந்தும் எவ்வளவு ஏறின என்பவற்றைப் பொறுத்தது. அவர் கொடுக்காத ஆண்டில் ஊர்ப் பிள்ளைகளின் பாடித் தொடுதலில் வேகம் குறைந்திருக்காது. ஏர்செல்லுக்கும் அவருக்கும் இடையே தொகையில் கடலளவு வேறுபாடு உண்டு. முடிவு பிறக்கும் இடத்தில் வேறுபாடு இல்லை. இதை உணராத போட்டிக் குழுக்கள், பெரிய ஃபிளெக்ஸ், ஒலிபெருக்கியில் அரை மணிக்கொருமுறை பெயர், யூடியூபில் நேரலை என்று புரவலருக்குக் காட்சி சேர்ப்பதிலேயே வந்த பணத்தைக் கரைக்கின்றன. பயிற்சி விரிப்புக்கும் காயத்துக்கான மருத்துவச் செலவுக்கும் மிஞ்சுவது சொற்பம்.

சட்டமும் இந்த ஊர்களுக்கு எட்டவில்லை. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம் தன் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி அதில் அடங்கும். விளம்பரப் பயனுக்காகத் தரும் ஆதரவு அதில் சேராது என்று 2021இல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவாக்கின. சட்டமே பயிற்சி வேறு, விளம்பரம் வேறு என்று பிரித்துவைத்த பிறகும் பொதுப்பேச்சு அவற்றைப் பிரிக்க மறுக்கிறது. அருகிலுள்ள நெய்வேலியின் என்எல்சி அந்த வரம்புக்குள் வரும். அகல் சுடும் சிறுசூளை ஒருநாளும் வராது. 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, அரசின் பணத்தையும் நிறுவனங்களின் பணத்தையும் ஒரே நிதியில் திரட்டி ஆட்டக்காரருக்குத் தருவதால் சரியான திசையில் வைத்த அடி. ஆனால் அது வளர்ந்துவிட்ட வீரரைத் தாங்கும் ஏற்பாடு, ஊர்ப் போட்டியைத் தாங்குவதற்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழிக்கான சொல்லும் முறையும் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. விருத்தகிரீசுவரர் கோயிலின் மாசிமகம் போன்ற பெருவிழாக்களைத் தமிழகக் கோயில்கள் இரண்டு ஏற்பாடுகளால் நடத்தி வந்திருக்கின்றன. ஒன்று மண்டகப்படி, அதாவது இன்ன நாளின் செலவு இன்னாருடையது என்று பங்கிட்டுக்கொள்வது. மற்றது கட்டளை, அதாவது நிலமோ முதலோ ஒரே தடவையில் எழுதிவைத்து, அதன் வருவாயிலிருந்து இன்ன காரியம் நடக்க வேண்டும் என்று விதிப்பது. மண்டகப்படியில் முதல் மரியாதை யாருக்கு என்ற சாதிப் பூசல்கள் நேர்ந்ததுண்டு. அந்தப் பகுதியைப் பின்பற்றத் தேவையில்லை. கட்டளையின் அமைப்புதான் இங்கே கவனத்துக்குரியது: கொடுத்தவர் நொடித்தாலும், இறந்தாலும், மனம் மாறினாலும் காரியம் நிற்பதில்லை, ஏனெனில் தொடர்வதா விடுவதா என்ற முடிவை ஆண்டுதோறும் எடுக்கும் அதிகாரத்தை அவர் கொடுக்கும்போதே துறந்துவிடுகிறார். பெரிய ஒப்பந்தங்களிலும் இதே நெறியைப் புகுத்தலாம்: விலகுவதற்கு ஓராண்டு முன்னறிவிப்பு, விலகும்போது கட்டவேண்டிய ஈட்டுத்தொகை, ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தொடாத வைப்பாக ஒதுக்குதல் ஆகியவை எழுத்தில் இருந்திருந்தால், சென்னை ஓப்பன் அடுத்த புரவலரைத் தேடும் கால அவகாசத்தையாவது பெற்றிருக்கும்.

சிறு சூளைக்காரர் முதலுக்கு எங்கே போவார் என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஐயாயிரம் கொடுத்து வந்த இருபது பேர் ஒவ்வொருவரும், கையில் பணம் புழங்கும் ஆண்டொன்றில் இருபத்தைந்தாயிரம் மட்டும் ஒரே தடவையாகக் கொடுத்துவிடுவதாக வைத்துக்கொண்டால் ஐந்து லட்சம் சேரும். பதிவுபெற்ற சங்கத்தின் பெயரில் வங்கி வைப்பாக அதைப் போட்டு, ஏழு விழுக்காடு வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு முப்பத்தைந்தாயிரம் வரும். விலைவாசி அதை அரித்துவிடும் என்பது உண்மையான தடை. எனவே பத்தாயிரத்தை மீண்டும் முதலில் சேர்த்துவிட்டு இருபத்தைந்தாயிரத்தைச் செலவிட வேண்டும். இருபது பேரும் தவறாமல் கொடுக்கும் ஆண்டில் திரளும் லட்சத்தோடு ஒப்பிட்டால் அது கால்பங்குதான். ஆயினும் அகல் விற்காமல் தேங்கிய ஆண்டிலும், இருபதில் பன்னிரண்டு சூளைகள் அணைந்துகிடக்கும் ஆண்டிலும், பொங்கலுக்கு முந்திய வாரத்தில் அந்த இருபத்தைந்தாயிரம் சங்கத்தின் கணக்கில் இருக்கும். பிள்ளைகளுக்குச் சீருடையும், காயத்துக்குக் கட்டும், வென்ற அணிக்குக் கோப்பையும் அதிலிருந்து வரும்.